இடக்கைக்காரி – அத்தியாயம் 14

உப்புச் சாடிக்குள் கையை விட்ட ரோசலின், "சேசுவே!" என்று விரல்களை உதறிக்கொண்டு அடுப்பு முன்னால் குத்தவைத்தாள்.

பத்தொன்பது வருஷமாகப் புளியில் கிடக்கிற விரல்கள். நகக்கண்ணெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் புளிப்பு குடியேறியிருந்தது. உப்புப் பட்டால் உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும். வலது தோள் குடைந்த குடைச்சலில் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. ஆனாலும் இந்த வலிகளைப் பற்றி இப்போதெல்லாம் அவள் வீட்டில் வாய் திறப்பதில்லை. அதே வீட்டில் மருமகள் டெய்சி மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் போய் விரல் எரிகிறது என்று சொல்ல எந்த மூஞ்சி இருக்கிறது?

டெய்சியின் இடது கையில் அருவாள் இறங்கி இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். இன்றைக்குத்தான் கட்டுப் பிரிக்கிறார்கள்.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். பேகம்பூர் பக்கம் அப்துல் லத்தீப் பாயின் புளிக் கிட்டங்கி. நத்தத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகிற புளியை ஓடு தட்டி, நார் உரித்து, கீறிக் கொட்டை எடுக்க அங்கே நாற்பது பெண்கள். ரோசலின் பழைய ஆள். மருமகளையும் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். டெய்சி பிறவியிலேயே இடக்கைக்காரி. மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை அருவாள் வழுக்கிவிட்டது. "பீச்சாங்கையால அருவாப் பிடிச்சா வேறென்ன ஆகும்?" என்றது ஊர். டெய்சியின் புருஷன் பிரின்ஸும் அதையேதான் சொன்னான்.

மீதிக் கதை மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கிடந்தது.

கொட்டை எடுக்கிற அருவாள் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அதற்கு ஒரு பக்கம் மட்டுமே சாணை. வலக்கையில் பிடித்தால் கூர் பழத்துக்குள் இறங்கும். அதையே இடக்கையில் பிடித்தால் கூர் புரண்டு, பழம் பிடித்திருக்கிற விரலைத் தேடி வரும். வேலைக்கு வந்த மறுநாளே டெய்சி இதைக் கண்டுகொண்டாள். சைக்கிளில் சாணைக்கல் கட்டி வரும் சனாவுல்லாவை வாசலில் நிறுத்தி, தன் அருவாளை மட்டும் மறுபக்கம் பிடித்து வாங்கினாள்.

"இம்புட்டு வருஷத்துல மறுபக்கம் பிடிக்கச் சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்று அவர் சிரித்தார்.

அதற்கப்புறம் ஆறு மாதம் அவள் கையில் ஒரு கீறல் இல்லை. வலக்கைக்காரிகளை விட வேகமாகவே கீறித் தள்ளினாள்.

அந்தத் திங்கட்கிழமை மதுரையிலிருந்து சரக்குப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூன்று பேர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். தின்கிற பண்டத்தைப் பீச்சாங்கையால் அளைவதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், சேர்த்துவிட்ட தன் பேர் கெட்டுப்போகும் என்று ரோசலின் பயந்தாள். மருமகளின் காதோரம் சாய்ந்தாள்.

"கைய மாத்து."

"அத்தை, இது எனக்குன்னு மறுபக்கம் பிடிச்சது. அதோட கைய மாத்துனா..."

"செத்த நேரம்தான்டி. அவுக போகட்டும். மாத்துன்னா மாத்து."

மாற்றினாள். வந்தவர்கள் அவளைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள், பழத்தைப் பிடித்திருந்த இடது கையில் ரத்தம் குபுக்கென்று வந்தது. கீழே குவித்திருந்த புளியும் ரத்தமும் ஒரே நிறமாகக் கிடந்தன.

லத்தீப் பாய் ஓடி வந்தார். "எப்படிம்மா ஆச்சு?"

"பீச்சாங்கைக்காரி, முதலாளி. வழுக்கிருச்சு." சொன்னது ரோசலின்.

சொல் ஒவ்வொன்றும் நிஜம்தான். சேர்த்துக் கேட்டால் பொய்.

* * *

பிரின்ஸ் வாசலில் ஆட்டோவைக் கிளப்பி நிறுத்தினான். டெய்சி முதலில் ஏறினாள். இரண்டரை வயது ஜெசிந்தாவை ரோசலின் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கிட்டங்கிக்குப் போகிற பொன்னழகு, தூக்குவாளியோடு ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரோசக்கா, இன்னிக்கு லீவா?"

"கட்டுப் பிரிக்கணும்டி."

"நல்லா இருக்கட்டும். ஏக்கா, சேதி தெரியுமா? நம்ம கௌசல்யாவ அருவாள விட்டு எழுப்பிட்டாக."

"எதுக்கு?"

"அவளும் பீச்சாங்கைதானே. டெய்சிக்கு ஆனது இன்னொருத்திக்கு ஆயிரக் கூடாதுன்னு பாய் சொல்லிட்டாரு. இனிமே இடக்கைக்காரி எவளுக்கும் அருவா கெடையாதாம். ஓடு பொறுக்கப் போட்டுட்டாக. பாவம், மூக்கச் சிந்திக்கிட்டே பொறுக்குறா. அவளும் தை மாசம்தான் டெய்சியப் பாத்து மறுபக்கம் சாணை பிடிச்சா."

ரோசலின் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். டெய்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு அக்கா, பெறகு பேசுங்க" என்று பிரின்ஸ் கியரைப் போட்டான்.

* * *

ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். பிரின்ஸ் பிள்ளையை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டான். ரோசலின் மட்டும் கூடப் போனாள்.

டாக்டரம்மாவுக்கு வயது முப்பது இருக்கலாம். கட்டை வெட்டிப் பிரித்ததும் உள்ளே இருந்த கை வேறு யாருடையதோ போல் இருந்தது. வெளிறி, தோல் உரிந்து, சூம்பிப்போய். ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து உள்ளங்கைக்குக் குறுக்கே தழும்பு பூரான் போல ஓடியது.

"மடக்குங்க பாப்போம்."

கட்டைவிரல் மடங்கியது. கடைசி இரண்டு விரலும் மெல்ல மடங்கின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படியே நின்றன. டெய்சி பல்லைக் கடித்தாள். நெற்றி வியர்த்தது. விரல்கள் அசையவில்லை.

"விரல மடக்குற நரம்பு ரெண்டும் அறுந்துபோயிருந்துச்சும்மா. தச்சோம். ஆனா ஒட்டிப் பிடிச்சுக்கிச்சு. பயிற்சி குடுக்கலாம். முழுசா மடங்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஊசி பிடிக்க முடியுமா டாக்டர்?"

கோயில் பீடத்து விரிப்புக்குப் பூவேலை போட்டவள் டெய்சி. போன வருஷம் திருவிழாவில் மாதாவுக்குச் சாத்திய புடவையின் பார்டரே அவள் கைவேலைதான். எல்லாம் அந்த இரண்டு விரல்.

"கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "எந்தக் கைப் பழக்கம் உங்களுக்கு?"

"இடது."

"அப்ப அருவா இடது கையிலதானே இருந்திருக்கும்?" பேனா நின்றது. "அருவா இடது கையில இருந்தா, வெட்டு வலது கையிலதானே விழணும்? இது எப்படி இடது கையிலயே விழுந்துச்சு?"

மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

டெய்சி திரும்பி மாமியாரைப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. பந்தியில் தன் இலைக்குச் சோறு வரட்டும் என்று காத்திருப்பவள் போல, சும்மா காத்திருந்தாள்.

"கை... தப்பிருச்சுங்கம்மா" என்றாள் ரோசலின்.

டாக்டரம்மா இருவரையும் ஒரு முறை பார்த்தார். வெளியே வரிசை சுவர் வரை நின்றது. "அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றதும் டெய்சி சொன்னாள்:

"அம்பத்து மூணு நாளு. ஊரு கேக்கல, பாய் கேக்கல, உங்க மகன் கேக்கல. அந்தம்மா ஒரே நிமிசத்துல கேட்டுட்டாக, பாத்தீகளா அத்தை?"

"டெய்சி, நான்..."

"வாங்க. பிள்ள அழுகுறா."

* * *

ஆட்டோவில் வரும்போது ரோசலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

புனித வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள்தான். கூண்டுக்குள் முழங்கால் போட்டு, கை மாற்றச் சொன்னதிலிருந்து வழுக்கிவிட்டது என்றது வரை ஒன்று விடாமல் சாமியாரிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு காற்றுப் போல லேசாகிவிட்டது. பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அதோடு, "யாருக்கு அநியாயம் நடந்ததோ, அவுகளுக்கு நேர் செய்யணும்மா" என்றும் சொன்னார்.

பத்தும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். இன்னொன்றை ஈஸ்டர் முடியட்டும் என்று தள்ளினாள். ஈஸ்டர் முடிந்தது. கட்டுப் பிரிக்கட்டும் என்று தள்ளினாள். கை பழையபடி வந்துவிட்டால் சொல்லவே தேவையில்லாமல் போகலாம் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்தது. கர்த்தருக்குத் தெரிவித்தாயிற்று, அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாள். வெட்டு விழுந்தது கர்த்தர் கையிலா?

* * *

வீட்டு வாசலில் டெய்சியின் தாய் ரூபி உட்கார்ந்திருந்தாள். சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு பையில் முறுக்கு. முந்தாநாள் பிரின்ஸ் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சொல்லியிருந்தான்.

மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிற்கிற இரண்டு விரலையும் தானே மடக்கிப் பார்த்தாள். விட்டதும் அவை பழையபடி நீண்டன. சத்தம் போட்டு அழுவாள் என்று ரோசலின் எதிர்பார்த்தாள். மாமியார் வீட்டைப் பார்த்து நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரூபி வந்து ரோசலினின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என்னைய மன்னிச்சிருங்க."

"என்ன மதினி இது..."

"என் தப்புதான். சின்னதுலயே இந்தக் கையில ஒரு சூடு வச்சிருந்தா இன்னிக்கு இப்படி வந்திருக்குமா? இவுக அப்பாரு, எழுத்து முத்து முத்தா இருக்கு, விட்டுருன்னாரு. நானும் விட்டுட்டேன். குறையுள்ள பிள்ளைய உங்க தலையில கட்டி, உங்க பேரையும் கிட்டங்கியில கெடுத்துட்டேன்."

வெடித்த விரல்களை அவள் இறுக்கிய இறுக்கில் எரிச்சல் முழங்கை வரை ஏறியது. ரோசலின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இந்த எரிச்சலாவது இருக்கட்டும் என்று நின்றாள்.

"விடுங்க அத்தை" என்றான் பிரின்ஸ். "யாரு என்ன செய்ய முடியும்? அவ பழக்கம் அப்படி."

டெய்சி சுவரில் சாய்ந்து நின்றாள். தாயைப் பார்க்கவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை.

சோறு வெந்து இறங்கியது. முருங்கைக்காய் சாம்பார்தான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. டெய்சி வலது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். பாதி வாய்க்குள் போனது, பாதி மடியில் விழுந்தது. பிரின்ஸ் தட்டைப் பார்த்தே தின்றான்.

ஜெசிந்தா பையை இழுத்துக் கவிழ்த்து ஒரு முறுக்கை எடுத்தாள். இடது கையால்.

ரூபியின் முகம் மாறியது. "இதுவுமா?"

எட்டிக் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். முறுக்கைப் பிடுங்கி வலது கையில் திணித்தாள். குழந்தை அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தது. ரூபி இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவினாள். பிஞ்சு விரல்களை மடக்கி, முஷ்டியோடு சேர்த்துச் சுற்றி இறுக்க முடிச்சுப் போட்டாள்.

"தாய்க்குச் செய்யாம விட்டத மகளுக்காச்சும் செய்யிறேன். ரெண்டு மாசம் இப்படியே கெடந்தா தன்னால பழகிரும்."

"நல்ல யோசனைதான் அத்தை" என்றான் பிரின்ஸ். "இவளுக்கும் இப்படி ஆக வேணாம்."

குழந்தை கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தது. விரல் வரவில்லை என்று தெரிந்ததும் வீறிட்டது.

"மதினி!" ரோசலின் எழுந்துவிட்டாள். "பிள்ளையக் கட்டாதீக."

"ஏன் மதினி? தாயி கெட்டது போதாதா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ரூபி, பிரின்ஸ், சுவரோரம் டெய்சி. வாயில் வார்த்தை தயாராக இருந்தது. கூண்டுக்குள் சொன்ன அதே வார்த்தைதான். இந்தக் கையால் ஒரு கேடும் வரவில்லை, கையை மாற்றச் சொன்னதால் வந்தது என்று சொன்னால் போதும். மகன் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்ன சொன்னாலும் சரி என்று இருபத்தேழு வருஷமாக நம்புகிற முகம். சம்பந்தியைப் பார்த்தாள். சற்று முன்தான் மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தவள்.

"ரத்தம் கட்டிக்கிரும்" என்றாள் ரோசலின். "செத்த தளத்திக் கட்டுங்க."

ரூபி தளர்த்திக் கட்டினாள்.

டெய்சி சுவரை விட்டு நகர்ந்தாள். கொடியில் கிடந்த இரண்டு புடவையையும் பிள்ளையின் சட்டைகளையும் ஒற்றைக் கையால் உருவி ஒரு பைக்குள் போட்டாள்.

"எங்க?" என்றான் பிரின்ஸ்.

"எங்கம்மா கூட."

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியல."

* * *

பஸ் ஸ்டாண்டில் வெயில் இறங்கவில்லை. சித்தையன்கோட்டை பஸ் பாதி நிரம்பியிருந்தது. ரூபி ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். அழுது அழுது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. பிரின்ஸ் பையை மேலே வைக்க ஏறினான்.

மாமியாரும் மருமகளும் கீழே நின்றார்கள்.

"நீ சொல்லியிருக்கலாமே டெய்சி" என்றாள் ரோசலின். "எல்லார் முன்னாடியும் என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாமே."

"நான் சொன்னா, மாமியா மேல பழி போடுறான்னுவாக. கை போன வயித்தெரிச்சல்ல பேசுறான்னுவாக. உங்க மகனே அப்படித்தான் சொல்லுவாரு. நீங்க சொன்னாத்தான் அத்தை அது நெசம்."

"சொல்லிர்றேன். ஒரு நல்ல நேரம் பாத்து..."

"மாத்துன்னு சொல்ல நேரமா பாத்தீக?"

ரோசலின் பஸ் சக்கரத்தைப் பார்த்தாள்.

"என் கைப் பேச்ச விடுங்க. அது முடிஞ்சு போச்சு" என்றாள் டெய்சி. "எங்கம்மா பிள்ள கையக் கட்டும், நான் அவுப்பேன். மறுபடி கட்டும், மறுபடி அவுப்பேன். ஒத்தக் கையால எத்தன நாளு அவுக்க முடியும்? அங்க கௌசல்யா ஓடு பொறுக்குறா. அவ என்ன செஞ்சா?"

"டிரைவர் ஏறிட்டாரு, வா" என்று பிரின்ஸ் படியில் நின்று கூப்பிட்டான்.

டெய்சி ஏறினாள். கம்பியைப் பிடிக்க இடது கையைத்தான் முதலில் நீட்டினாள். விரல்கள் மூடவில்லை. கை கம்பியில் மோதி நழுவியது. மாற்றி வலது கையால் பிடித்துக்கொண்டாள். ரோசலின் தாங்கப் போனாள். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

பஸ் திரும்பியது. ஜன்னலில் ரூபி கும்பிட்டாள், சம்பந்திக்கு மரியாதை. ரோசலினும் கும்பிட்டாள். டெய்சி பிள்ளையின் மணிக்கட்டில் குனிந்து, பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்லிட்டுப் போறா?" பிரின்ஸ் பக்கத்தில் வந்து நின்றான். "மூஞ்சியே சரியில்ல. நம்ம மேல ஏதும் கோவமா?"

இதோ கேட்டுவிட்டான். அவனாகவே கேட்டுவிட்டான். இதைவிட நல்ல நேரம் எது?

"பிரின்ஸு..."

"சொல்லும்மா."

"தண்ணி தவிக்குதுடா."

அவன் கடைப் பக்கம் நடந்தான். ரோசலின் நிழல் இல்லாத இடத்தில் அப்படியே நின்றாள்.

மருமகளுக்கு அவள் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘கையை மாற்றச் சொன்னது நான்தான்.’ ஐம்பத்து மூன்று நாளாகியும் அதை அவள் கொடுக்கவில்லை.